வெள்ளிக் கம்பியால் வரைவது

மார்ச் 3
இன்று தாள் தயார் செய்யும் வேலை மட்டும்தான். வெறும் தாளில் வெள்ளியை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றும் பதியாது. மேலே லேசான சொரசொரப்போடு ஒரு பூச்சு இருந்தால்தான் அது கம்பியை மெல்ல அராவி, வெள்ளித் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து ஓவியர்கள் எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, மைபோல அரைத்து, பசையில் குழைத்துப் பூசினார்கள். நான் எடுத்தது ஜிங்க் ஒயிட் கவாஷ் (அடர்த்தியான வெள்ளை நீர்வண்ணம்); நீர்க்கக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று குறுக்கும் நெடுக்குமாகப் பூசினேன். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் வெடித்துவிடும்.

மார்ச் 5
கம்பியை கிளட்ச் பென்சிலில் (முனையை இறுகப் பிடித்துக்கொள்ளும் பென்சில் பிடியில்) மாட்டி, நுனியை நைசான உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்து மழுக்கினேன். பிசிறு இருந்தால் பூச்சையே கீறிவிடும். முதல் கோடு, வெளிறிய சாம்பல் நிறத்தில், முடி இழை அளவுக்குத்தான் விழுந்தது. எவ்வளவு அழுத்தினாலும் கறுக்காது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

மார்ச் 9
ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1484இல், 13 வயதில், கண்ணாடியைப் பார்த்து இதே வெள்ளிமுனையால் வரைந்த தன்னுருவத்தை இன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் (மூலம் வியன்னாவின் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது). ரப்பர் போட்டு அழிக்க முடியாத கருவியில், அந்த வயதில், சட்டைக் கையின் கனத்த மடிப்புகளை எப்படி இறக்கியிருக்கிறான்! நீட்டிய சுட்டுவிரலைப் பாருங்கள்.

மார்ச் 14
ஒரு சங்கு. வளைவின் உட்பக்க நிழலுக்கு நெருக்கமாகச் சாய்கோடுகள், அதன் மேலேயே கொஞ்சம் திசை மாற்றி இன்னொரு அடுக்கு, அப்புறம் இன்னொன்று. நிழல் அப்படித்தான் ஏறும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் பூச்சு வழவழப்பாகி வெள்ளியை வாங்காது. கன்னங்கரிய நிழல் வேண்டுமென்றால் கரியைத்தான் எடுக்க வேண்டும், வெள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மார்ச் 22
காற்றில் உள்ள கந்தகம் பட்டு, கோடுகள் வெள்ளி சல்பைடாக மாறி மெல்லப் பழுப்பேறும். மாதக்கணக்கில் ஆகலாம். தங்கக் கம்பியில் போட்ட கோடு சாம்பலாகவே நிற்கும். அவித்த முட்டையோடு பெட்டிக்குள் மூடிவைத்து பழுப்பைச் சீக்கிரம் வரவழைப்பவர்களும் உண்டு. நான் அதைச் செய்யப்போவதில்லை, தானாக வரட்டும். அடுத்த தாளுக்குப் பூச்சில் கொஞ்சம் நீலம் கலக்கிறேன். லியோனார்டோ குதிரைகளை வரைந்த மாதிரி நிறத்தாள் வேண்டும், அதில் வெளிச்சம் படும் இடங்களுக்கு வெள்ளை வைத்துப் பார்க்க.