ஏலக் கணக்கைத் தின்ற ஆடு

மெஞ்ஞானபுரத்துக் கோயிலின் 192 அடி உயரக் கோபுரத்தையோ, கால்டுவெல் 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்த இடையன்குடிக் கோயிலையோ பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கோயில் ஏதோ பழைய பள்ளிக்கூடம் போலத்தான் தெரியும். வாசலில் நிற்கும் வேப்பமரமே அதைவிட உயரம். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, இங்கிருந்த ஆங்கிலிக்கன் சபைகள் அதில் இணைந்துவிட்ட பிறகும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வெகுகாலம் எங்கள் கோயிலை, பழைய ஆங்கிலேய மிஷன் சங்கம் ஒன்றின் பெயரால், எஸ்.பி.ஜி. கோயில் என்றே சொல்லிவந்தார்கள். ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சேகரத்தில் ஊர்கள் பல என்பதால் அவர் திருவிருந்து ஆராதனைக்குத்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் முதல் ஒலிபெருக்கிச் சண்டை வரை எல்லாம் சபை ஊழியர் பாடு. இத்தனை சிறிய கோயிலில், கடவுளுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தன்று மட்டும், ஊரின் பெருமை, பழைய பகை, சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தவர்களின் பணப்பை ஆகிய மூன்றும் ஒரே பந்தலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், கருப்பட்டி, முட்டை, கோழி என்று அவரவர் படைத்த காணிக்கைகள் ஆராதனை முடிந்ததும் வெளியே வந்து ஏலத்துக்கு நிற்கும். சந்தை விலைக்கும் இந்த விலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யார் கொடுத்தது, எதிரே நின்று கேட்பவர் யார் என்பவைதாம் விலையைத் தீர்மானிக்கும். ஒரு கல்யாணத்தில் பந்தி வரிசையால் மனத்தாங்கல் ஏற்பட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட மச்சினன்மார் இருவர் ஒரே எலுமிச்சம்பழத்தை மாறிமாறிக் கேட்டு 800 ரூபாய்க்கு ஏற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைச் சமாதானப்படுத்திவிடக் கூடாதே என்று சபைப் பொருளாளர் அன்று மனதுக்குள் ஜெபித்திருப்பார் என்பது என் ஊகம்.

கேட்ட பொருளுக்கு அங்கேயே பணம் கட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரும் தொகையும் நோட்டில் ஏறும். கட்டாதது அடுத்த ஆண்டு 'ஏலப் பாக்கி' என்று வாசிக்கப்படும். "நாங்கள் பாவம் செய்தோம்" என்று ஜெபப்புத்தகத்தைப் பார்த்து ஒரே குரலில் அறிக்கையிடும் சபை, பாக்கிப் பட்டியல் வாசிக்கும்போது மட்டும் கூரையிலுள்ள மின்விசிறிகளை எண்ணத் தொடங்கிவிடும்.

சென்ற ஆண்டு, அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த பெரியப்பா ஒருவர் ஒரு கிடாக்குட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கட்டினார். கட்டிய இடம் பொருளாளரின் மேசைக்கால். ஆட்டை மும்பை மச்சான் ஒருவர், ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்காமலேயே, ஆவேசமாகக் கேட்டு எடுத்துவிட்டார். அவருடைய மனைவி அவரைப் பார்த்த பார்வையில் ஊரே லயித்திருந்த நேரத்தில்தான், "ஏல, நோட்டப் பிடிங்கல!" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பதற்குள், அன்றைய ஏலக் கணக்கும் அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்த பழைய பாக்கிப் பட்டியலும் சேர்ந்த தாள் ஆட்டின் வாய்க்குள் போயிருந்தது. கடைவாயில் தொங்கிய துண்டில் 'பாக்கி' என்ற சொல் மட்டும் தெரிந்தது. பொருளாளர் அதைப் பிடித்து இழுப்பதற்குள் ஆடு அதையும் மென்றுவிட்டது.

பெரியப்பாவின் முகத்தில் துக்கம் இருந்தது என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின், அவரவர் எடுத்த பொருளையும் தொகையையும் அவரவரே எழுந்து சொல்லுமாறு கமிட்டி கேட்டுக்கொண்டது. வசூல் பாதியாகக் குறைந்துவிடும் என்று பயந்த பொருளாளர், நடந்ததைக் கண்டு பேனாவை மூடவே மறந்துவிட்டார். ஊர் முன்னால் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. முந்நூறுக்குக் கேட்டவர் நானூறு என்றார், அவர் நானூறு என்றதால் பின்வரிசைக்காரர் ஐந்நூறு என்றார். ஒரு வாழைத்தாரை இரண்டு பேர் தங்களுடையது என்று சொல்லி, இருவருமே பணமும் கட்டினார்கள். கட்டிய தொகை, ஏலம் விட்டவரின் ஞாபகத்தில் இருந்த கணக்கைத் தாண்டிவிட்டது. மும்பை மச்சான் மட்டும், ஆடு தாளைத் தின்றதால் ஆட்டின் விலையும் அதன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்று தொலைபேசியில் வாதாடிப் பார்த்தார். ஊரிலிருந்த அவருடைய அத்தை, "மருமவன் சும்மா சொல்லுதாரு" என்று சபை நடுவே எழுந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஆடும் அத்தை வீட்டுத் தொழுவத்துக்கே போயிற்று.

பழைய பாக்கியைத்தான் கடைசிவரை மீட்க முடியவில்லை. "ஞாபகமுள்ளவர்கள் சொல்லலாம்" என்று சபை ஊழியர் நயமாக அழைப்பு விடுத்தபோது, மின்விசிறிகளை மறுபடியும் எண்ணத் தொடங்கினார்கள்.

இந்த ஆண்டுப் பண்டிகைக்கு ஒரு கன்றுக்குட்டி தருவதாகப் பெரியப்பா கமிட்டியிடம் சொல்லியிருக்கிறார். கால்நடைகளை வேப்பமரத்தில்தான் கட்டவேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. பொருளாளர் அதற்கு மேலும் ஒரு படி போய், நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துத் தம் மகளுக்கு அனுப்பிவருகிறார்.