வாய்தா தவறிய பிறகு

பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் நகர உரிமையியல் நீதிமன்றத்தில்தான் என் வக்கீல் தொழிலின் பெரும்பகுதி ஓடுகிறது. வருவதெல்லாம் அநேகமாகச் சின்னத் தொகை வழக்குகள்: புரோநோட்டுக் கடன், வாடகை பாக்கி, சரக்குக்குப் பணம் வராதது. நியாயம் தன் பக்கம் இருந்தும் தேதியை விட்டுத் தோற்றவர்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொகை சிறியது என்றால் சம்மனைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. "பேசி முடிச்சுக்கலாம்" என்று கடன் கொடுத்தவர் சொல்லிவிட்டால், கோர்ட்டுக்கே போகமாட்டார்கள். சம்மன் கிடைத்த 30 நாளில் பதிலுரை போட வேண்டும். நீதிமன்றம் மனது வைத்தால் 90 நாள் வரை. வராமலே இருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு.

வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா அப்படித்தான் வந்தார். தீர்ப்பாகிப் பல மாதம் கழித்து, தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவின் நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு. பாதிக் கடனை ஏற்கெனவே கட்டியிருந்தார், ரசீதும் இருந்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய நீதிபதி முன்னால் அது போகவே இல்லை. "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா சார்?" என்றார்.

முடியும். சம்மன் முறையாகச் சேர்ந்திருந்தால், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள். அது தாண்டிவிட்டால், 1963 காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். அதற்கான அஃபிடவிட்டில்தான், அதாவது சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில்தான், எல்லாம் இருக்கிறது.

நம் ஊர் நீதிமன்றங்களில் ஒரு பழைய பழக்கம் உண்டு. தாமதம் என்றாலே மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம், படுத்த படுக்கை. எத்தனையோ அஃபிடவிட்டில் இதே வரிகள். அந்த அக்காவிடமும் யாரோ அதைத்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பொய் என்பது ஒருபுறம்; உண்மையான காரணமே அவரிடம் வலுவாக இருந்தது. அந்த மாதங்களில் கணவருக்கு டயாலிசிஸ், வாரம் தவறாமல் ஆஸ்பத்திரி. சீட்டுகள் தேதி வாரியாக இருந்தன. சமரசம் பேசலாம் என்று எதிர்த்தரப்பு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருந்தது. இரண்டையும் வரிசையாக எழுதி இணைத்தோம். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்பதை நடைமுறை அறிவோடு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே, காதிஜி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காகப் போதிய காரணமே சொல்லாமல் தப்பிக்க முடியாது.

அக்காவிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நாளும் வீணாகக் கூடாது. பழைய தாமதத்துக்கு நீதிபதி இரங்குவார். நோட்டீஸ் வந்த பிறகும் சும்மா இருந்தால் அந்த இரக்கம் போய்விடும். பதிலுரையையும் தயார் செய்து மனுக்களோடு சேர்த்தே தாக்கல் செய்தோம். வழக்கை நடத்தத் தயார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

எதிர்த்தரப்பு கவுண்டர் (எதிர்ப்புப் பதில்) போட்டது, வாதம் நடந்தது, மனு காஸ்ட்டோடு, அதாவது எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, அனுமதிக்கப்பட்டது. இங்கேதான் பலர் மறுபடி கோட்டை விடுகிறார்கள். காஸ்ட் கட்ட நீதிபதி ஒரு தேதி கொடுப்பார். அதற்குள் கட்டவில்லையென்றால் அனுமதித்த மனு தள்ளுபடியாகிவிடும். அன்று சாயங்காலமே எதிர்த்தரப்பு வக்கீலிடம் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். அடுத்த வாய்தாவில் அதை மெமோ எனும் குறிப்போடு தாக்கல் செய்தோம்.

அப்புறம் வழக்கு, சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) போனது. ரசீதைக் காட்டியதும் மீதித் தொகைக்கு மட்டும் தவணை பேசி முடிந்தது. அங்கே முடிந்ததால் வாதி கட்டிய கோர்ட் கட்டணமும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.