செல்லின் ஓரத்தில் இருக்கும் எண்: ஜூபிட்டர் நோட்புக்கில் என் முதல் மாதம்

என் தந்தையார் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்துப் பல ஆண்டுகளாக நாட்குறிப்பில் எழுதி வந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி, ஒவ்வோர் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையையும் வரைபடமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கினேன். நிரல் எழுதிப் பழகாத எனக்கு, நிரலையும் குறிப்பையும் உலாவியில் ஒரே பக்கத்தில் எழுதி ஓட்ட உதவும் ஜூபிட்டர் நோட்புக் மிகவும் பிடித்துப்போனது. இரண்டு மூன்று வரிகளை செல் எனப்படும் ஒரு பெட்டிக்குள் எழுதி ஷிஃப்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால், விடை அதன் அடியிலேயே வந்துவிடும். அடுத்த செல்லை மார்க்டவுனாக, அதாவது நிரலாக ஓடாத உரைப் பெட்டியாக, மாற்றித் தமிழில் குறிப்பும் எழுதி வைக்கலாம்.

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் என்ற கருவி வழியாக ஜூபிட்டரை நிறுவுவது எளிதாகவே முடிந்தது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8888 என்ற முகவரியுடன் பக்கம் திறந்தபோது, அப்பாவின் குறிப்புகள் இணையத்துக்குப் போய்விடுமோ என்று அஞ்சினேன். லோக்கல்ஹோஸ்ட் என்பது என் கணினியேதான், உலாவி வெறும் முகப்புதான், நிரலை ஓட்டிக் கணக்கிடும் கெர்னல் என்ற பகுதி என் கணினிக்குள்ளேயே ஓடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் தடை, அட்டவணைத் தரவுகளைக் கையாள உதவும் பாண்டாஸ் என்ற தொகுப்பு. விண்டோஸின் கட்டளைச் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதை நிறுவிய பின்னரும், அப்படியொரு தொகுப்பே இல்லை என்று நோட்புக் சொன்னது. என் கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தன. நான் நிறுவியது ஒன்றில், கெர்னல் ஓடியது மற்றொன்றில். செல்லுக்குள்ளேயே விழுக்காட்டுக் குறியிட்டுப் பிப் கட்டளையை எழுதி, கெர்னலை ஒருமுறை மீண்டும் தொடங்கியதும் சரியானது.

என்னை மூன்று நாட்கள் அலைக்கழித்தது வேறொன்று. அப்பா அங்குலத்தில் எழுதியிருந்ததால், ஒரு செல்லில், அளவுகளைச் சேமித்து வைத்திருந்த மழை என்ற மாறியை 25.4ஆல் பெருக்கி, விடையை அதே மாறியில் போட்டு மில்லிமீட்டராக மாற்றினேன். (பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.) நான்கு அங்குல மழை பெய்த ஒரு நாளுக்கு 101.6 வர வேண்டும், வரைபடமோ 2580.64 என்று காட்டியது. நாட்குறிப்பை எடுத்து அந்தப் பக்கத்தை இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை அங்கே இல்லை.

செல்லின் இடப்பக்கச் சதுர அடைப்புக்குள் இருந்த எண்ணை அதுவரை நான் பொருட்படுத்தவே இல்லை. முதல் நான்கு செல்களில் மேலிருந்து கீழாக 1, 2, 7, 4 என்று இருந்தது. அது செல்லின் வரிசை எண் அல்ல, ஓட்டப்பட்ட வரிசை. மூன்றாவது செல்லை நான் இரண்டாம் முறை ஓட்டியிருக்கிறேன். கெர்னல் முன்பே மாற்றிய அளவை மறுபடியும் பெருக்கிவிட்டது. திரையில் இருப்பதைக் கெர்னல் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் ஓட்டினோமோ அந்த வரிசையையே அது நினைவில் வைத்திருக்கிறது. செல்லை அழித்தால்கூட அதில் உருவான மாறி கெர்னலில் அப்படியே இருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின் மாற்றிய அளவை மழை_மிமீ என்ற தனி மாறியில் வைத்தேன். அந்தச் செல்லை எத்தனை முறை ஓட்டினாலும் விடை மாறாது. நாள்தோறும் வேலையை முடிக்குமுன் கெர்னலை மீண்டும் தொடங்கி, எல்லாச் செல்களையும் மேலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். எண்கள் 1 முதல் வரிசையாக வந்து, அந்த நாளுக்கு 101.6 என்று காட்டிய பிறகே அடுத்த ஆண்டின் நாட்குறிப்பைத் திறக்கிறேன்.