விலைக்கு முன்னால் வரும் பட்டன்

வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில் 2017இல் கிரிட் என்ற கட்டமைப்பு முறை வந்த பிறகு, பக்கத்தில் எதை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பாளையங்கோட்டையில் ஃபிரண்ட் எண்ட், அதாவது தளத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் வேலை பார்க்கும் எனக்கு அந்த வசதிதான் கவலை தருகிறது.

கருப்பட்டியும் பத்தமடைப் பாயும் விற்கும் ஒரு கடையின் தளம் பராமரிப்புக்காக எங்களிடம் வந்தது. பார்க்க அழகு. பெயர், விலை, அதற்குக் கீழே வாங்கும் பட்டன். பார்வையற்ற அண்ணாச்சி ஒருவர் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ ஸ்க்ரீன் ரீடரில் அதைச் சோதித்தார். கீழ் அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“தம்பி, விலையைச் சொல்லாமலே வாங்கச் சொல்லுதே?”

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் பட்டனுக்குப் பிறகுதான் விலை இருந்தது. ‘ஆர்டர்’ என்ற சிஎஸ்எஸ் பண்பைப் போட்டுக் கண்ணுக்கு மட்டும் இடம் மாற்றியிருந்தார்கள். ஸ்க்ரீன் ரீடரும் டேப் விசையும் அதைப் பொருட்படுத்தாது. எழுதிய வரிசையில்தான் போகும். கிரிட்டைப் போலவே பொருள்களை அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸின் வரையறையே இந்தப் பண்பைத் தோற்றத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. எச்டிஎம்எல்லிலேயே விலையை மேலே ஏற்றினோம், அந்தப் பண்பை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

தமிழ் எழுத்தில் வேறொரு சிக்கல். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் தொலையக் கூடாது என்பது எல்லாரும் தளத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி நெறிமுறைகளின் விதி. இங்கே பட்டனின் உயரம் 40 பிக்சல் என்று கட்டிப்போட்டிருந்தது. பெரிதாக்கியதும் ‘கூடையில் சேர்க்கவும்’ இரண்டு வரியாகி, ‘சேர்க்கவும்’ வெட்டுப்பட்டு, ‘கூடையில்’ மட்டும் நின்றது. வயதானவர் அதை வைத்து என்ன செய்வார்? உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாக மாற்றினோம். வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்குப் போட்ட, எழுத்தளவில் 1.2 மடங்குதான், மேல் வரி ‘ழு’வும் கீழ் வரி ‘சி’யும் முட்டிக்கொண்டன. 1.6 வைத்ததும் மூச்சு விட்டது. தமிழுக்கு நான் இதற்குக் கீழே போவதில்லை.

புதிய சிஎஸ்எஸ் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2023லிருந்து எல்லா முக்கிய பிரவுசர்களிலும் ஓடும் கன்டெய்னர் குவரி பெரிய வரம்; ஒரு பகுதி தன்னைச் சுற்றியுள்ள பெட்டியின் அகலத்தைப் பார்த்து வடிவம் மாற அது உதவும். அதன் அளவைப் பக்கத்தின் அடிப்படை எழுத்தளவோடு மாறும் ரெம் அலகில் கொடுத்தால், பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவருக்குப் பொருளைக் காட்டும் அட்டை தானாக ஒரே நெடுவரிசையாக மடங்கிக்கொள்ளும். இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று வளையம் போட்டுக் காட்டும் ஃபோகஸ் விசிபிளும் அப்படித்தான். பட்டனை மவுஸில் சொடுக்குபவருக்கு வளையம் தெரியாது, கீபோர்டில் வருபவருக்குத் தெரியும். பிறகு ஏன் இன்னும் வளையத்தையே நீக்கிவிடும் ‘அவுட்லைன் நன்’ எழுதுகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

அப்புறம் முகவரிப் படிவம். பின்கோடு தப்பானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வெளிப்பெட்டிக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ்ஸின் ஹேஸ் தேர்வியால் அந்த வரிசை முழுவதையும் சிவப்பாக்கலாம். சுலபம்தான். ஆனால் அந்தச் சிவப்பு அண்ணாச்சிக்குக் கேட்காது. எது தப்பு என்று எழுத்தில் சொல்லி, அந்த வரியை ஏரியா டிஸ்கிரைப்டுபை என்ற எச்டிஎம்எல் பண்பு கொண்டு உள்ளீட்டுப் பெட்டியோடு இணைக்க வேண்டும். அது எச்டிஎம்எல் வேலை, இப்போது அதில்தான் இருக்கிறோம்.