மகனை மறுபடியும் எட்டாம் வகுப்பில் உட்கார வைக்கவில்லை

என் மகன் 2011 ஆகஸ்டில் பிறந்தவன். அமெரிக்காவின் மேரிலாந்தில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பினால் கிண்டர்கார்டனில் சேர்த்துவிடலாம், சேர்த்தோம். அதனால் வகுப்பிலேயே சின்னவன் இவன்தான். படிப்பில் அது ஒரு குறையாகப் பட்டதே இல்லை. லாக்ரோஸ் (நுனியில் வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி ஆடும் ஆட்டம்) கிளப்புக்குப் போன பிறகுதான் உறைத்தது.

பெரிய கிளப்புகள் பலவற்றில் அணி பிரிப்பது வயதை வைத்து இல்லை, பள்ளி முடிக்கும் ஆண்டை வைத்து. இவன் 2029. ஒரு வகுப்பை இரண்டு முறை படித்த பையனும் 2029தான். அவர்களை 'ஹோல்ட்பேக்' என்கிறார்கள். சிலர் இவனைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவர்கள்.

அணிக்கு ஆள் எடுக்கும் டிரைஅவுட்டில் தரைப் பந்தை அள்ளக் குனிந்தான். ஒரு தோள் வந்து மோதியது, ஸ்டிக் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "அம்மா, அவன் ஷேவ் பண்றான்மா" என்றான். இரவு பார்த்தால் விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது.

இரண்டாம் நிலை 'பி' அணிதான் கிடைத்தது. பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பைத் திரும்பப் படிக்க வைக்கச் சொன்னார். எல்லாப் பாடத்திலும் தேறிய பிள்ளையை! இரண்டு வாரம் எங்களுக்குத் தூக்கமே இல்லை. மோதிய பையன் மீது எனக்குக் கோபமில்லை, அவனுக்காக முடிவெடுத்தவர்கள் வேறு. ஒரு வீட்டில் செய்தால் பக்கத்து வீட்டுக்கும் பயம் வந்துவிடுகிறது.

எங்களைத் தெளிய வைத்தது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2017-இல் கொண்டுவந்த விதி. அதற்கு முன்பு எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளே, உங்கள் அணிக்குத்தான் ஆட வருவோம் என்று கல்லூரிகளுக்கு வாய்வார்த்தை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை டிவிஷன் 1 (மேல்மட்டப் பிரிவு) கல்லூரிப் பயிற்சியாளர்கள் அணியில் சேர்ப்பது பற்றிப் பிள்ளைகளிடம் பேசவே கூடாது. இவனுக்கு அது 2027. அதற்குள் பையன் எவ்வளவோ வளர்ந்துவிடுவான்!

அப்புறம் எங்கள் கவுன்ட்டியின் ரெக் லீகில், அதாவது உள்ளூர்ப் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடும் போட்டியில், சேர்த்தோம். நாட்டின் லாக்ரோஸ் அமைப்பான யூஎஸ்ஏ லாக்ரோஸ் பரிந்துரைக்கும், செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்த வயதுக் கணக்குதான் அங்கே. பதிவின்போது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்; லாக்ரோஸில் எங்களிடம் அதை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. கிளப்புக்குப் பணம் கட்டும் முன் நீங்களும் கேளுங்கள்: போட்டி வகுப்புக் கணக்கிலா, வயதுக் கணக்கிலா?

முதல் ஆட்டத்தில் மறுபடியும் தரைப் பந்து. இவன் உயரத்துப் பையன் ஒருவன் வந்து மோதினான், இரண்டு பேரும் விழுந்தார்கள். இவன் முதலில் எழுந்தான். பந்து இவன் ஸ்டிக்கில் இருந்தது.