கான் ஸ்கூல் விட்டு வந்துட்டான், இதோட முடிச்சுக்கிறேன்

மேரி பார்பர்னு ஒரு கவிஞர், 18ஆம் நூற்றாண்டு டப்ளின்ல இருந்தவங்க. வீட்டுக்காரர் கம்பளித் துணி வியாபாரி. ரெண்டு மூணு நாளா அவங்க எழுதின ஒரே ஒரு கவிதைக் கடிதத்தையே திரும்பத் திரும்ப படிச்சிட்டு இருக்கேன், மனசு அதவிட்டு வரவே மாட்டேங்குது.

ஒரு பாதிரியாருக்கு எழுதின லெட்டரோட கடைசிப் பகுதி அது, தலைப்பே அப்படித்தான். ஆரம்பமே "முடிக்கிற நேரமாச்சு"ன்னுதான் வருது, ஏன்னா கான் ஸ்கூல்ல இருந்து வந்துட்டா எழுதுறத நிறுத்திடணும்னு அவங்க ஒரு ரூல் வச்சிருக்காங்க. கான்னா மூத்த பையன் கான்ஸ்டன்டைன். எனக்கு அந்த முதல் வரியிலயே கண்ணு கலங்கிடுச்சு, பையன் வர்ற சத்தம் கேட்டதும் லேப்டாப்ப மூடி வைக்கிறவ நான்.

வந்த பையன் அம்மா எழுதினதப் பாத்துட்டு, இது நல்லால்ல, பாட்டா எழுதி அனுப்பும்மாங்கிறான். அதுக்கு அம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா, பொம்பள படிக்கிறதே குத்தம்னு நினைக்கிற மனுஷன்டா அந்தப் பாதிரியாரு, பாட்டுல லெட்டர் போனா என்ன ஆவாருன்னு கேட்டுட்டு, அவர் என்னென்ன சொல்லுவார்னு அவர் குரல்லயே எழுத ஆரம்பிக்கிறாங்க. பாவம் அந்தப் புருஷன், இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, இருட்டு ரூம்ல வைக்கோல் படுக்கைல போடணும். செயின்ட் பேட்ரிக் அயர்லாந்துல விஷப் பிராணிங்கள ஒழிச்சாரே, மனச விஷமாக்குற இந்தக் கவிஞருங்கள விட்டுட்டாரே. எனக்கு வர்றவ நான் டிரஸ் பண்றப்போ வேலைக்காரன் மாதிரி பக்கத்துல நிக்கணும், புட்டிங் செய்யணும், சட்டைக்குத் துணி வெட்டத் தெரியணும், சமையலுக்கு ஆள் வைக்கிற செலவு மிச்சமாகணும்.

இத்தனையும் சரளமான எதுகையோட. அந்தாளு எதக் குத்தம்னு சொல்லுவாரோ அதே பாட்டுலயே அவர் பேச்ச எழுதி அவருக்கே போடுறாங்க, என்ன ஒரு தைரியம்!

இந்த மாதிரி கவிதைகள் சேந்துதான் 1734ல லண்டன்ல புத்தகமாச்சு. முன்பணம் குடுத்து பேர் பதிஞ்சவங்க மட்டும் 900 பேருக்கு மேல, 'கலிவரின் பயணங்கள்' எழுதின ஜொனாதன் ஸ்விஃப்ட் பெரிய ஆதரவா இருந்தாரு. முன்னுரைல, பிள்ளைங்க மனச வளர்க்கத்தான் முக்கியமா எழுதினேன்னு சொல்றாங்க. சில பேர் இத ஒரு அடக்கமான சாக்குன்னு எடுத்துப்பாங்க, எனக்கு அப்படித் தோணல. ஏன்னா அந்தக் கடிதத்துல பாதிரியார் பேசி முடிச்சதும் அவங்க பேனாவோட பையன் பக்கம்தான் திரும்புறாங்க.

நீ கல்யாணம் பண்ணா நல்லாத் தெரிஞ்ச பொண்ணா பண்ணு. சமையல்தான் உலகத்துலயே பெரிய வித்தைன்னு நினைச்சுக்கிட்டு, நீ படிக்கிற ரூமுக்குள்ள கோவமா வந்து இதப் படிச்சு என்னத்தச் சம்பாதிச்சன்னு கேக்குறவ வேணாம். அழகு மட்டுமே கவலையா இருக்குறவளும் வேணாம். படிக்கிறதுல நாட்டம் இருக்கணும், இல்லன்னா படிப்பு மேல வெறுப்பாவது இல்லாம இருக்கணும். இந்த "வெறுப்பாவது இல்லாம"ங்கிற இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, எவ்ளோ கம்மியா கேக்குறாங்க பாருங்க.

அப்போ கான் ஸ்கூல் போற பையன். பின்னாடி டாக்டராகி, டப்ளின் மருத்துவர் கல்லூரிக்கே தலைவரா இருந்தாரு.