தம்புராவின் மந்தரத்துக்கு மட்டும் ஜீவா நிற்க மாட்டேன் என்கிறது

என் தம்புராவின் நான்கு கம்பிகளில் பஞ்சமமும் (ப) இரண்டு சாரணியும் (நடு ச) ரீங்காரம் போடுகின்றன. மந்தரம்தான் (கீழ் ச) மல்லுக்கு நிற்கிறது. ஒரு கட்டை சுருதி, கம்பியின் மேல்முனைத் தாங்கியான மேருவிலிருந்து கீழ்முனைத் தாங்கியான குதிரை வரை 90 செ.மீ. கம்பித் தடிமனை நம்பரில் சொல்வார்கள், நம்பர் ஏறினால் கம்பி மெலியும்: சாரணி 31-ஆம் நம்பர் எஃகு, மந்தரம் 25-ஆம் நம்பர் பித்தளை.

ஜீவா என்பது குதிரைமேல் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி வரவழைக்கும் அந்த ரீங்காரம். எல்லாச் சண்டையும் அந்த நூலில்தான். பாலியஸ்டர் தையல் நூல் வழுக்குகிறது. பழைய முண்டு வேட்டியிலிருந்து உருவிய பருத்தி நூல் பிடித்து நிற்கும். நூலை மேருப் பக்கம் அதிகம் தள்ளினால் கம்பி குதிரையைத் தொடாமல் தாண்டிவிடும். சுத்தமான, உயிரற்ற நாதம். பின்னே இழுத்தால் கம்பி குதிரைமேல் படிந்து அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு இடம், அரை மில்லி அகலம்கூட இராது. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று வறட்டிக்கொண்டு வீசும் மார்கழியில் மரம் சுருங்கி அந்த இடமும் நகர்ந்துவிடும்.

காதை மட்டும் நம்ப வேண்டாம். கம்பியைச் சரிபாதியில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் (அடிச்சுரத்தின் 2, 4, 6 மடங்கு அதிர்வெண்கள்) எழக்கூடாது என்பது யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. அவற்றின் அசையாப் புள்ளி அங்கேதான் விழுகிறது. தம்புராவும் வீணையும் இதை மீறுகின்றன என்று சி. வி. ராமன் 1921-இலேயே எழுதினார். கம்பி குதிரையின் வளைவை ஒவ்வொரு வீச்சிலும் உரசுவதால் வரும் வினை அது. ஆக, பாதியில் மீட்டி, போனில் ஒலியை அதிர்வெண் வாரியாகக் கோடுகளாகக் காட்டும் அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) செயலியைப் பாருங்கள். மந்தரத்துக்கு 65.4 ஹெர்ட்ஸ் அடிச்சுரம், 130.8-இல் கோடு ஓங்கினால் ஜீவா பிடித்துவிட்டது. மற்ற மூன்று கம்பிகளையும் துணியால் அமுக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சாரணியின் சுருதியே 130.8 என்பதால், அது அனுநாதத்தில் தானே பாடி ஏமாற்றும்.

எனக்கு அந்தக் கோடு எழுந்த உடனே படுத்துவிடுகிறது, கூடவே கரகரப்பு. காரணம் இழுவிசை என்றுதான் படுகிறது: சாரணியில் சுமார் 3 கிலோ, மந்தரத்தில் 2.4 கிலோதான். வீச்சு பெரிதாகி, உரச வேண்டிய கம்பி குதிரையை அடிக்கிறது. இன்னும் தடித்த 24-ஆம் நம்பர் போட்டால் அதே சுருதிக்கு 2.9 கிலோ வரும்.

கம்பி வாங்கும்போது நம்பரா மில்லியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 30-ஆம் நம்பர் என்பது 0.30 மி.மீ. அல்ல, 0.315. சாரணிக்கு 31-க்குப் பதில் அதைப் போட்டால் இழுவிசை 14 சதவீதம் ஏறும். சுருள் மடங்கிய கம்பியைத் தொடவே வேண்டாம். மடிப்பு விழுந்த கம்பிக்கு எந்த ஜீவாவும் உதவாது.

இதற்குள் வீணையின் தாளக் கம்பிகளையும் இப்படி அளக்க ஆசை வந்துவிட்டது. முதலில் 24-ஆம் நம்பர் பித்தளை கோயம்புத்தூரிலிருந்து வரட்டும்.